வெடித்த பிறகு வரும் நாட்கள்: பட்டாசு மண்ணின் துக்கமும் குடியும் நம் புனைகதையும்

சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரங்களில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் மறுநாள் நாளிதழில் என்ன வரும் என்பது அந்தப் பகுதி மக்களுக்கு மனப்பாடம். ஆலை நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் பெற்றதா, எத்தனை அறைகள் தரைமட்டமாயின, மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டதா, எத்தனை பேர் இறந்தார்கள், போர்மேன் கைதானாரா, முதலமைச்சரின் பொது நிவாரண நிதியிலிருந்து எத்தனை லட்சம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் இறந்தபோதும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும், 2023 அக்டோபர் 17இல் ரெங்கபாளையத்திலும், 2024 மே 9இல் செங்கமலப்பட்டியிலும், 2025 ஜூலை 1இல் சின்னக்காமன்பட்டியிலும் செய்தியின் வார்ப்பு மாறவில்லை. மூன்றாம் நாளோடு செய்தி முடிந்துவிடும். ஆனால் செத்தவர் வீட்டில் அதற்குப் பிறகுதான் எல்லாமே தொடங்குகிறது. அந்த நாட்களை எழுதும் பொறுப்பு நாளிதழுக்கு இல்லை, நாவலுக்கு உண்டு. தமிழ்ப் புனைகதை குடியை நிறைய எழுதியிருக்கிறது, சாவையும் நிறைய எழுதியிருக்கிறது. ஆனால் பட்டாசு மண்ணில் சாவும் குடியும் ஒரே கயிற்றின் இரண்டு இழைகளாக முறுக்கிக் கிடப்பதை அது இன்னும் தன் மையப் பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை. இதற்குக் காரணம் எழுத்தாளர்களின் அசட்டை அல்ல. குடியைப் பற்றிக் கதை சொல்ல நாம் பழகிய விதத்திலேயே அந்தக் காரணம் இருக்கிறது.

அந்தப் பழக்கம் தொடங்கிய இடங்களில் ஒன்றைத் துல்லியமாகவே காட்டலாம். 1929இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி ‘விமோசனம்’ என்ற மதுவிலக்கு இதழைக் கொண்டுவந்தார். கல்கி அதில் துணையாசிரியராகப் பணியாற்றினார். கள்ளுக்கடையால் கெட்ட குடும்பங்களின் கதைகளை அந்த இதழ் கிராமத்து வாசகர்களிடம் கொண்டுசென்றது. அந்தக் கதைகளை எழுதியவர்களின் நேர்மை சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. 1937இல் ராஜாஜி முதலமைச்சரானதும் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்து சொன்னதைச் செய்தும் காட்டினார். ஆனால் ஒரு இயக்கத்துக்காக எழுதப்படும் கதைக்கு ஒரே திசைதான் உண்டு: முதலில் குடி, பிறகு நாசம். ஒழுங்காக இருந்த மனிதன் கூடாநட்பால் கடைக்குப் போகிறான், கூலி கரைகிறது, மனைவி அழுகிறாள், பிள்ளை பட்டினி கிடக்கிறது. இந்தக் கதையில் குடிக்கு முன்னால் எதுவும் இல்லை. பிற்காலத்து மேடை நாடகமும் சினிமாவும் இதே சட்டத்தை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் சிரிப்பையும் கொஞ்சம் கண்ணீரையும் சேர்த்துக்கொண்டன. திரையில் குடிகாரன் இன்றும் கோமாளியாகவோ மனைவியை அடிப்பவனாகவோதான் பெரும்பாலும் வருகிறான். அவனுக்கு நேற்று என்று ஒன்று இருந்ததாகக் கதை கேட்பதில்லை.

கரிசல் எழுத்து இந்தச் சட்டத்துக்குள் அடங்காதது. கி. ராஜநாராயணன் போட்ட தடத்தில் வந்தவர்கள் உழைப்பை, மண்ணை, சாதியை, பேச்சை அருகிலிருந்து எழுதினார்கள். நிலத்தை நம்பியிருந்தவர்களைத் தீப்பெட்டித் தொழில் எப்படி இழுத்துக்கொண்டது என்பதற்குச் சோ. தர்மனின் ‘தூர்வை’ (1996) சாட்சி. பட்டாசு வட்டாரத்துக்குள்ளேயே இருக்கும் மேலாண்மறைநாட்டில் வாழ்ந்து எழுதிய மேலாண்மை பொன்னுச்சாமிக்கு 2007இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. ஆனால் தொழிற்சாலை என்று வரும்போது 1980களிலும் 90களிலும் எல்லாருடைய கவனத்தையும் ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. அது குழந்தைத் தொழிலாளர் பற்றிய கேள்வி. சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படத்தை 1990இல் எடுத்தார். பூமணி ‘கருவேலம்பூக்கள்’ படத்தைத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றியே இயக்கினார். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. விடியுமுன் தூக்கக் கலக்கத்தோடு ஆபீஸ் பஸ்ஸில் ஏறும் பிள்ளை தமிழ் மனதில் அழியாத சித்திரமாகப் பதிந்தது, பதிந்திருக்கவும் வேண்டியதுதான். அந்தப் போராட்டம் பெருமளவு வென்றது. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். இன்று பயராபீஸ் எனப்படும் பட்டாசு ஆலையில் உட்கார்ந்து திரி சொருகுகிறவர்களும் மருந்து செலுத்துகிறவர்களும் வளர்ந்தவர்கள், அவர்களில் பெரும்பகுதி பெண்கள். தொழிலாளியின் வயது மாறிவிட்டது, கதையின் வயது மாறவில்லை. குழந்தைக்காக இரங்குவது வாசகருக்கு எளிது, ஏனென்றால் குழந்தை குற்றமற்றது. மனைவியைப் பட்டாசுக்குப் பறிகொடுத்துவிட்டு மாலையில் டாஸ்மாக் வாசலில் நிற்கும் நாற்பது வயதுக்காரனுக்காக இரங்குவதற்கு ஒரு நாவலின் உதவி தேவைப்படுகிறது.

அவனுடைய துக்கம் மற்றத் துக்கங்களிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று பார்க்க வேண்டும். தென்மாவட்டக் கிராமங்களில் சாவை ஊர் கையாளும் முறை மிகவும் பக்குவப்பட்டது. கேதம் கேட்க வருகிறவர்கள், நீர்மாலை எடுத்து உடலைக் குளிப்பாட்டுதல், பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு பாடும் ஒப்பாரி, கோடி போடுதல், பதினாறாம் நாள் விசேஷம் என ஒவ்வொன்றும் இறந்தவரை உயிரோடிருப்பவர்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும் வேலையைச் செய்கிறது. வெடிவிபத்து இந்த ஏற்பாட்டின் முதல் படியிலேயே அடிக்கிறது. உடல் மருத்துவமனைப் பிணவறையிலிருந்து துணியில் சுற்றிக் கட்டப்பட்டு வருகிறது. கருகிப்போன உடலைத் திறந்து முகம் பார்க்க முடியாது, குளிப்பாட்டவும் முடியாது. சில விபத்துகளில் யாருடைய உடல் எது என்று அடையாளம் காண்பதே பெரும்பாடாகிவிடுகிறது. தீக்காயத்தோடு பிழைத்தவர்களோ சிவகாசி அரசு மருத்துவமனையிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டு, நாட்கணக்கில் இழுத்துக் கிடந்து இறக்கிறார்கள். ஊரில் ஒரு வீட்டுக்குப் பதினாறாம் நாள் நடக்கையில் இன்னொரு வீடு வார்டு வாசலில் காத்திருக்கும். முதலிப்பட்டியில் வெடிச்சத்தம் கேட்டு உதவிக்கும் பார்க்கவும் ஓடிப்போனவர்களும் இறந்தார்கள். துக்கம் கேட்க வேண்டிய பக்கத்து வீடே துக்க வீடானபோது யார் யாரிடம் கேதம் கேட்பது? ஒப்பாரியும் பெண்களுக்கு உரியதுதான். ஆண் பந்தலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியவன், வாய்விட்டு அழுதால் கூச்சப்பட வேண்டியவன். அவனுக்கு ஊர் ஒதுக்கியிருக்கும் ஒரே ஆறுதல் சாவு வீட்டுக்குப் பின்னால் கைமாறும் பாட்டில். ஒரு நாளைக்கு என்று ஊரே அனுமதித்துக் கொடுக்கும் அது எந்த நாளில் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொரு வேறுபாடு இதைவிட ஆழமானது. பூமணியின் ‘வெக்கை’ (1982) மூத்த மகனைக் கொலைக்குப் பறிகொடுத்த குடும்பத்தின் கதை. அந்தத் துக்கத்துக்கு எதிரி உண்டு. வடக்கூரான் என்று அவனுக்குப் பெயரும் உருவமும் உண்டு. அதனால் துக்கம் சினமாகி, சிதம்பரத்தின் கையில் ஆயுதமாகி, ஒரு செயலில் போய் முடிகிறது. அந்த நாவல் ஓடுகிற வேகமே எதிரி இருப்பதால் வருவது. பட்டாசு ஆலையில் நடக்கும் சாவுக்கு அப்படி ஒரு முகம் கிடைப்பதில்லை. அச்சங்குளம் விபத்தை ஒட்டி எல்லாரும் பேசியது உள்குத்தகையைப் பற்றி: உரிமம் ஒருவர் பெயரில், அறைகள் பலர் கையில், வேலை பீஸ் ரேட்டில். வேலையாள் முன்பணம் வாங்கியிருப்பது இன்னொருவரிடம். ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. கூட்டம் ஏன் கூடியது என்று கேட்டால் தீபாவளி ஆர்டர் என்பார்கள். மருந்தை அதிகமாகக் கலந்தது யார் என்று கேட்டால், கலந்தவரே இறந்திருப்பார். சில வேளை அவர் துக்கப்படுகிறவரின் தம்பியாகவோ மச்சானாகவோ இருப்பார். எதிரி இல்லாத துக்கம் வெளியே போக வழியின்றி உள்ளே திரும்புகிறது. அன்று அவளை வேலைக்குப் போகச் சொன்னது நான்தானே, அட்வான்ஸ் வாங்கிச் செலவழித்தது நான்தானே என்று அது தன்னையே குடைகிறது. இந்தத் தற்குற்றச்சாட்டை ஒவ்வொரு மாலையும் சில மணி நேரம் அமர்த்திவைக்கும் பொருள் நடந்துபோகும் தூரத்தில், அரசு முத்திரையோடு விற்பனைக்கு இருக்கிறது.

அரசு என்று சொல்லும்போது எண்களையும் சொல்லிவிட வேண்டும். 1983இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003 இறுதியில் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. 2023–24ஆம் ஆண்டில் மது விற்பனையால் மாநிலத்துக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. பட்டாசு வட்டாரத்தில் கூலி வாரக் கூலி, சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை மாலை எந்தக் கடையில் எத்தனை குவார்ட்டர் போகும் என்பது விற்பவருக்கும் தெரியும், வீட்டில் காத்திருப்பவருக்கும் தெரியும். விபத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு நிவாரணக் காசோலை தருவதும் அரசுதான். அந்தப் பணத்தில் ஒரு பங்கு எங்கே திரும்பிப் போகிறது என்பதை ஊகிக்க ஆய்வுக்குழு வேண்டாம். இது ஆட்சிகள் மாறினாலும் மாறாத ஏற்பாடு. எந்த மேடையிலும் இந்த இரண்டு பணத்தையும் ஒரே மூச்சில் பேச மாட்டார்கள். ஒரே குடும்பத்தின் கதையில் அவை ஒரே அலமாரியில்தான் இருக்கும்.

குடியையும் இழப்பையும் சேர்த்துப் பார்க்கும் திறன் தமிழ் நாவலுக்கு இல்லாமல் இல்லை. ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ (1974) மதுரையில் கந்தன் என்பவனின் ஒரு நாளைச் சொல்கிறது. விடிந்ததும் சாராயம் தேடும் அவனை நாகராஜன் திருத்தவும் முயலவில்லை, தண்டிக்கவும் முயலவில்லை. காணாமல் போன மகன் சந்திரனைப் பற்றிய நினைவு அந்த நாளின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெருமாள் முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவலில் காளியை ஒரு இரவு முழுக்க அப்பால் நிறுத்திவைக்கும் கருவியாகக் குடி பயன்படுகிறது. குடி ஒருவனின் ஆசை மட்டுமல்ல, மற்றவர்கள் அவனுக்குச் செய்யும் ஏற்பாடும்தான் என்பதை அந்தக் காட்சி காட்டிவிடுகிறது. அதன் தொடர்ச்சியான ‘ஆலவாயன்’ கணவனை இழந்த பொன்னாவின் துக்கத்தை, காட்டு வேலைகளுக்கு நடுவே, அவசரமில்லாமல் எழுதுகிறது. ஆனால் என் வாதத்துக்கு மிக நெருங்கி நிற்பது இமையத்தின் ‘செல்லாத பணம்’ (2018). தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கும் ரேவதியைச் சுற்றி அந்த நாவல் நகர்கிறது. படித்த, வசதியான அப்பா நடேசனிடம் பணம் இருக்கிறது, அதனால் ஆகக்கூடியது எதுவும் இல்லை. தீக்காய வார்டின் வாசல், உள்ளே போக விடாத காவல், ஒவ்வொரு படுக்கையைச் சுற்றியும் நிற்கும் குடும்பங்கள், யார் மீதாவது பழியைப் போட்டுவிடத் துடிக்கும் மனம் ஆகியவற்றை இமையம் பக்கம் பக்கமாக, விலகாமல் எழுதுகிறார். குடிகாரக் கணவன் ரவியை எல்லாரோடும் சேர்ந்து நாமும் வெறுக்கிறோம். பிறகு அவன் தன் தரப்பைப் பேசுகிறான். அவன் பேசி முடித்ததும் அவன் செய்தது எதுவும் சரியாகிவிடுவதில்லை. ஆனால் அவனை வெறுப்பது அதுவரை இருந்ததுபோல் எளிதாக இல்லை. சிவகாசியில் நடக்காத இந்த நாவல் சிவகாசியை எழுத வேண்டிய முறைக்கு மிக நல்ல முன்மாதிரி என்பது என் துணிபு.

தொழில், உடற்காயம், போதை மூன்றும் சேரும் இடத்தை உலக நாவல் நீண்ட காலமாகவே அறியும். எமில் ஸோலாவின் ‘லாசொம்மோவார்’ (1877) நாவலில் கூப்போ கூரை வேலை செய்யும் உழைப்பாளி, குடியைத் தொடாதவன். கூரையிலிருந்து விழுந்து காலொடிந்து படுத்த பிறகுதான் அவன் குடிக்கப் பழகுகிறான். ‘விமோசனம்’ கதைகளுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஸோலா குடிக்கு முன்னால் ஒரு விபத்தை வைத்துவிட்டார். நம் காலத்தில் பார்பரா கிங்சால்வர் ‘டீமன் காப்பர்ஹெட்’ (2022) நாவலை அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து நிலக்கரி மலைக் கிராமங்களில் அமைத்திருக்கிறார். சுரங்க வேலையால் உடல் முறிந்தவர்கள் நிறைந்த அந்தப் பகுதிகளில்தான் பர்டியூ ஃபார்மா நிறுவனம் 1996இல் கொண்டுவந்த ஆக்ஸிகான்டின் வலி மாத்திரை ஆறாக ஓடியது. பிறக்கும் முன்பே அப்பாவை இழந்து, சிறுவயதில் அம்மாவையும் மாத்திரைக்குப் பறிகொடுத்த சிறுவன், கால் மூட்டில் அடிபட்டதும் அதே மாத்திரைக்கு அடிமையாகிறான். கிங்சால்வர் அவனுக்காகக் கண்ணீர் விடச் சொல்வதோடு நிறுத்தவில்லை. அந்த மாத்திரை யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று கதைக்குள்ளேயே தடம் பிடிக்கிறார். எதிரி இல்லாத துக்கத்துக்கு எதிரியின் முகவரியைத் தேடித் தருவதும் நாவல் செய்யக்கூடிய வேலை என்பதற்கு அது சான்று.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான மறுப்பு பெண்கள் பக்கமிருந்து வருகிறது, அது நியாயமானது. துக்கத்தால் குடிக்கிறான் என்று எழுதினால், குடித்துவிட்டு அடிக்கிறவனுக்கு இலக்கியம் சான்றிதழ் கொடுத்ததாகாதா? மகனைப் பறிகொடுத்த தாய் குடிப்பதில்லையே, மறுவாரமே மற்றொரு ஆலைக்கு வேலைக்குப் போகிறாளே? ரெங்கபாளையத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உழைப்பும் சாவும் அவர்களுக்கு, துக்கமும் குடியும் ஆண்களுக்கு என்று பங்கு பிரித்தால் அது அநீதிதான். ஆனால் இந்த மறுப்பு துக்கத்தை எழுதக் கூடாது என்று சொல்லவில்லை, துக்கத்தின் முழு வீட்டையும் எழுது என்றே சொல்கிறது. ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ கதையில் மாரி அழும் அழுகையின் காரணம் வாசகருக்குத் தெரியும், சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியாது. பெண்ணின் துக்கம் எப்படிப் பேச்சில்லாமல் போகிறது என்பதைக் கரிசல் கதை அறிந்தேதான் இருக்கிறது. அலுமினியப் பவுடர் படிந்து கைகள் வெள்ளி நிறமாகி வரும் ஒரு பெண், தன் அக்கா எரிந்துபோன அதே வேலையைச் செய்துகொண்டு, அக்கா கணவன் கேட்கும் காசை எங்கே ஒளித்துவைப்பது என்று கணக்குப் போடுகிற காட்சியில் அவனுடைய குடியும் இருக்கிறது, அவளுடைய துக்கமும் இருக்கிறது. காரணம் காட்டுவது ஒன்று, விடுவிப்பது வேறு. இமையம் ரவிக்குக் காரணம் காட்டினார், விடுதலை தரவில்லை.

தமிழ்நாட்டில் குடிப்பவர்கள் எல்லாரும் துக்கத்தில் குடிப்பவர்களா என்றும் கேட்பார்கள். நிச்சயமாக இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) மாநிலத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் சுமார் நான்கில் ஒருவர் மது அருந்துகிறார். இழவே காணாத வீடுகளிலும் குடி இருக்கிறது, பெருந்துயரம் கண்டும் தொடாதவர்கள் இருக்கிறார்கள். புள்ளிவிவரம் நிறுவ வேண்டிய பொது விதியை நாவலிடம் கேட்பது பொருத்தமற்றது. ஒரு மனிதன் விஷயத்தில் அது எப்படி நடந்தது என்பதே நாவலின் சான்று. குடிநோயைப் பற்றி நம் மாநிலத்தில் நடந்த முக்கியமான முயற்சிகளில் ஒன்றே அப்படி ஒரு தனி இழப்பிலிருந்து பிறந்ததுதான். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கியதே டி.டி.கே. மருத்துவமனை.

தொழிலைக் காக்க நினைப்பவர்களின் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. குழந்தைத் தொழிலாளர் பிரச்சாரத்தில் தங்கள் ஊர் உலகெங்கும் கெட்ட பெயர் வாங்கியதாகச் சிவகாசிக்காரர்கள் உணர்கிறார்கள். 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை விதித்தபோது பிழைப்பே போய்விடுமோ என்று நடுங்கினார்கள். மானாவாரி நிலம் கைவிட்ட ஊர்களுக்குச் சோறு போடும் தொழிலை இலக்கியமும் சேர்ந்து அடிக்க வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. அந்த மண்ணின் உழைப்பை மதித்து எழுதினால் யாரும் அதைத் தொழிலுக்கு எதிரான அறிக்கையாகப் படிக்கப் போவதில்லை. பயராபீசில் வேலை செய்கிறவர்கள் தங்கள் கைத்திறனில் பெருமை உள்ளவர்கள். அந்தப் பெருமையை முதலில் எழுதாத நாவலுக்கு, இழப்பை எழுதும்போது வலு இருக்காது. தூர்ந்துபோன கண்மாயையும் ஏர்க்காலையும் அங்குலம் அங்குலமாக எழுதத் தெரிந்த கரிசல் மொழிக்கு மருந்து அறையை எழுதுவது புது வேலை அல்ல. கதவு எந்தப் பக்கம் திறக்கும், ஓடுவதற்கு எத்தனை எட்டு, மதியம் யார் யார் சேர்ந்து சாப்பிடுவார்கள் என்று தொடங்கினால், வெடித்த பிறகு எது காலியானது என்று வாசகருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

இதை யார் எழுதுவார்கள்? பயராபீசுக்குப் போன அம்மாக்களின் கூலியில் படித்து, இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் அலுவலர்களாகவும் இருக்கும் ஒரு தலைமுறை விருதுநகர் மாவட்டமெங்கும் இருக்கிறது. பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்பதாக மாநில அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. அந்தப் பிள்ளைகளும் வளர்ந்து வருவார்கள். அவர்களுக்குச் சிறுகதைப் போட்டியும் பரிசும் மட்டும் போதாது. நிவாரணக் காசோலை யார் பெயருக்கு வந்தது, அதற்காக இரண்டு வீடுகளுக்கிடையே எப்படிப் பேச்சுவார்த்தை அறுந்தது, எந்த மாதம் முதல் அப்பா பகலிலும் குடிக்கத் தொடங்கினார் என்பதையெல்லாம் எழுத வருடங்களும் முந்நூறு நானூறு பக்கங்களும் தேவை. பதிப்பாளர்களே, இதழாசிரியர்களே, அவர்களிடம் விபத்து நினைவு நாளுக்கு ஒரு கதை கேட்பதை விட்டுவிட்டு, நாவல் கேளுங்கள், முடியும்வரை பொறுத்திருங்கள்.